பெத்தது ஏழு, இருக்கது நாலு



எங்கள் கோவில்பட்டி கரிசல் கிராமத்துப் பாட்டிமார்களிடம் "எத்தனை பிள்ளை?" என்று கேட்டால், "பெத்தது ஏழு, இருக்கது நாலு" என்பார்கள். நம்மில் பலர் பிறந்த காலம் அது. 1971-ல் தமிழகத்தில் பிறந்த 1000 குழந்தைகளில் 113 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 2020-ல் 13 பேர்.

இந்த மாற்றத்தில் எளிய வைத்தியத்துக்கும் பெரிய பங்குண்டு. 1971-ல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் சோடாவும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானோரைப் பிழைக்க வைத்தார். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறை. டாக்டர் எட்கர் ரே, எடை குறைந்த சிசுக்களைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கச் சொன்னார். அந்தக் 'கங்காரு' முறையை நம் அரசு மருத்துவமனைகளும் இன்று சொல்லித் தருகின்றன.

நம்ம பக்கம் தூரம்தான் எமன். நெல்லை மருத்துவக் கல்லூரி 1965-லேயே வந்துவிட்டது. ஆனால் நடுராத்திரியில் வலி கண்டால் வண்டிக்கு எங்கே போக? 2000-க்குப் பின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்சுகள் முறைவைத்து இரவும் பகலும் பிரசவம் பார்த்தார்கள். 2008-ல் 108 வண்டி வந்தது.

இன்றும் போகும் உயிர்களில் பெரும்பாலானவை முதல் 28 நாளில் போகின்றன. பச்சைப்பிள்ளை பால் குடிக்காமல், உடம்பு சில்லிட்டு, மூச்சு இரைத்தால், "விடியட்டும், பாப்போம்" என்று யாரையும் சொல்ல விடாதீர்கள், தம்பி தங்கைகளே. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உடனே கிளம்பச் சொல்லுங்கள்.