உறைக்குள் உறை

பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பவனைவிட, உறையின்மேல் உள்ள முகவரியை நாள்தோறும் குறித்து வைப்பவனுக்கே நான் மிகுதியும் அஞ்சுவேன். ஓர் அரசு அலுவலர் எந்தப் பத்திரிகைக்கு எழுதினார் என்பது தெரிந்த பின்னர், உள்ளே இருப்பதையும் படிக்க வேண்டுமோ? மறைமொழியில் எழுதினாலும் முகவரி வெளியே தெரியத்தானே செய்யும்?

கணிப்பொறி வழியே செல்லும் மடல்களில் இம்முகவரியையும் மறைக்கலாம் என்று 1981-ஆம் ஆண்டில் காட்டியவர் டேவிட் சௌம். அப்பொழுது அவர் கலிபோர்னியாவில், பெர்க்லிப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவர். மின்னஞ்சல் பொதுமக்களை எட்டாத காலம் அது. மடலை உறைக்குள் உறையாகப் பல உறைகளில் இடவேண்டும் என்றார் அவர். ஒவ்வோர் உறையையும் இடையில் நிற்கும் ஒரு கணிப்பொறி மட்டுமே திறக்க இயலும். திறந்தால் அடுத்த இடம் ஒன்றே அதற்குத் தெரியும். வந்த மடலை அது உடனே அனுப்பிவிடவும் செய்யாது. ஒரே அளவுள்ள மடல்கள் பல சேரும்வரை காத்திருந்து, வரிசையைக் கலைத்த பின்னரே அனுப்பும். இடைநிற்பவருள் ஒருவரேனும் நேர்மையாளராயிருந்தால், எழுதியவர் யார், பெற்றவர் யார் என்று இணைத்துக் காண இயலாது.

1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தில் கோல்ட்ஷ்லாக், ரீட், சைவர்சன் ஆகிய மூவர் இக்கருத்தை இணையத்திற்கு ஏற்றவாறு மாற்றினர். தோல் தோலாக உரிவதால் அதற்கு வெங்காய வழி என்று பெயரிட்டனர். நல்ல பெயர்தான்!

ஈண்டு ஒரு விந்தையைக் காண்கிறோம், மாணவ நண்பர்களே. கடற்படையினர் மட்டுமே செல்லும் மறைவழியில் ஒருவர் வெளிப்பட்டால், அவர் கடற்படையினர் என்பது உடனே வெளியாகிவிடும். ஆகவே கடற்படை தன்னை மறைத்துக்கொள்ள, அவ்வழியை ஊராருக்கெல்லாம் திறந்துவிட வேண்டியதாயிற்று. செய்தியாளரும், நோயை வெளியிட அஞ்சுவோரும், பொழுதுபோக்குவோரும் ஒருங்கே நடந்தால்தான் ஒருவருக்கொருவர் மறைவாவர். கள்வரும் அதில் நடப்பாரே என்பீர்கள். நடக்கத்தான் செய்கின்றனர், அவரை மட்டும் தடுக்கும் கதவு இதுவரை அமையவில்லை.

இவ்வழியில் வந்த டோர் என்னும் அமைப்பைப் பற்றி டிங்கிள்டைன், மாத்யூசன், சைவர்சன் ஆகியோர் 2004-இல் கட்டுரை வெளியிட்டனர். இணையப் பக்கத்தைக் கேட்பவர் காத்திருக்கமாட்டார் ஆதலின், சௌம் வகுத்த காத்திருத்தலை இவர்கள் கைவிட்டனர். அதனால், இரு முனைகளையும் ஒருசேரக் கவனிப்பவன் நேரத்தை ஒப்பிட்டு இன்னார் என்று கண்டுகொள்ள இயலும். இக்குறையை அக்கட்டுரையில் அவர்களே வெளிப்படையாக எழுதிவைத்திருக்கின்றனர்.