ஜைத்தூன் பாதை

வண்டி ஓட்டம் நின்றுபோன இருப்புப்பாதை என்னவாகும்? தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த பின், முள்ளும் புதரும் மண்டி மறைந்துபோவதே பெரும்பாலும் அதன் கதி. ஸ்பெயின் நாட்டார் இதற்கு வேறு விடை கண்டனர். 1993 முதல் அத்தகைய தடங்களைச் செப்பனிட்டு, சைக்கிளில் செல்வோருக்கும் நடந்து செல்வோருக்கும் உரிய ‘பசுமை வழிகள்’ ஆக்கி வருகின்றனர். இன்று அவற்றின் மொத்த நீளம் 3,000 கிலோமீட்டருக்கும் அதிகம். அவற்றுள் ஒன்று நம் கருத்தைச் சிறப்பாக ஈர்க்கிறது. அது பழைய அந்தலூஸின் நடுவே செல்வது.

ஹயேன் நகரில் தொடங்கிப் புவென்தே ஹெனில் வரை 128 கிலோமீட்டர் நீளும் அதற்கு ‘எண்ணெய்ப் பசுமை வழி’ என்பது பெயர். 1893இல் நிறைவுற்ற இவ்விருப்புப்பாதை, லினாரெஸ் சுரங்கங்களின் ஈயத்தையும் இப்பகுதியின் ஜைத்தூன் எண்ணெயையும் மாலகா துறைமுகத்தை நோக்கிக் கொண்டு சென்றது. 1985இல் அது மூடப்பட்டது. புகைவண்டி செங்குத்தான மேடு ஏறாது. ஆகவே அன்றைய பொறியாளர்கள் குன்றுகளைக் குடைந்தனர். பள்ளத்தாக்குகளின் மேல் இரும்புப் பாலங்களை அமைத்தனர். அவர்கள் பட்ட பாட்டின் பலனை இன்று சைக்கிள் பயணி அனுபவிக்கிறான். மலைநாட்டில், ஜைத்தூன் தோப்புகளின் நடுவே, பெருமூச்சு வாங்காமல் அவன் செல்கிறான்.

அரபு அறிந்தவர்க்கு இவ்வழி நெடுகிலும் பழகிய ஒலிகள் கேட்கும். எண்ணெயை அந்நாட்டார் ‘அஸெய்தே’ என்பர், அது ‘அஸ்ஸைத்’. அதன் காயை ‘அஸெய்தூனா’ என்பர், அது ‘அஸ்ஸைத்தூனா’. செக்கு ‘அல்மஸாரா’, அது ‘அல்மஃஸரா’. ஹயேன், அரபு நூல்களில் ஜய்யான். காப்ரா என்பது கப்ரா. ‘முவஷ்ஷஹ்’ என்னும் பாவகையைத் தொடங்கியவராக இலக்கிய வரலாற்றாசிரியர் குறிப்பிடும் முகத்தம் இப்னு முஆஃபா அவ்வூரார். இவ்வழிக்கு அருகிலுள்ள பயேனா என்பது பய்யானா. ஹிஜ்ரி 340இல் மறைந்த ஹதீஸ் மேதை காஸிம் இப்னு அஸ்பஃ பிறந்த ஊர். லுஸேனாவில்தான் 1483இல் கர்னாதாவின் கடைசி சுல்தான் அபூ அப்தில்லாஹ் போரில் தோற்றுச் சிறைப்பட்டார். ஒன்பது ஆண்டுகளில் கர்னாதாவும் வீழ்ந்தது.

இதைப் படித்ததும் ‘எல்லாம் போயிற்றே’ என்று ஏங்குவது நம்மவர் வழக்கம். ஏக்கத்தோடு நின்றுவிடுவது போதாது என்பதே நம் கருத்து. அந்தலூஸ் முஸ்லிம்கள் வெறுநிலத்தில் வந்து இறங்கியவர்கள் அல்லர். குர்துபாவில் ரோமர் கட்டிய பெரும்பாலம் அன்று பழுதுற்றுக் கிடந்தது. கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் அனுமதி பெற்று, ஆளுநர் அஸ்ஸம்ஹ் இப்னு மாலிக் அதைச் செப்பனிட்டார். நகர மதிலின் கற்களே அதற்குப் பயன்பட்டன என வரலாறு கூறுகிறது. அரணைக் குறைத்துப் பாதையை மீட்டார்கள்! பிறர் அமைத்த வழியை இகழாமல் ஏற்று, பழுது நீக்கி, அடுத்தவரிடம் ஒப்படைத்தார்கள். பாதை வாழ்வது இவ்வாறுதான்.

கல்வியின் பாதையும் அத்தகையதே. ஹிஜ்ரி 600 அளவில் ஜய்யானில் பிறந்தவர் இலக்கணப் பேரறிஞர் இப்னு மாலிக் (ரஹ்). 1246இல் அந்நகர் காஸ்தீல் மன்னர் வசமாயிற்று. இப்னு மாலிக்கோ கிழக்கே சென்று, ஹலபிலும் ஹமாவிலும் திமிஷ்கிலும் கற்பித்து, 1274இல் திமிஷ்கில் மறைந்தார். அரபு இலக்கணம் முழுவதையும் ஏறத்தாழ 1,000 அடிகளில் அடக்கிய அவருடைய ‘அல்ஃபிய்யா’, கடல்களையும் கடந்து நம் மதரஸாக்களின் பாய்மீதும் வந்து அமர்ந்தது. நாம் ஓதியதும் ஓதிக்கொடுத்ததும் அதைத்தான்.

ஊர் கைமாறியது, நூல் கைமாறவில்லை. இருப்புப்பாதையைக் காக்க அரசு வேண்டும், பொருள் வேண்டும். இந்தப் பாதைக்கு வேண்டியவர் இருவரே: ஓதிக்கொடுக்க ஓர் ஆசிரியர், ஓத ஒரு மாணவர். அந்த இருவரும் நம் ஊர்களில் இருக்கும்வரை ஜய்யானின் வழி அடைபடாது. பிள்ளைகளை அனுப்ப வேண்டியவர்கள் நாம்.