ரெயூனியனில் ஒரு பகல்

ரெயூனியன் தீவில் எங்கள் கப்பல் ஒரு பகல்தான் நின்றது. சின்னப் பேரப்பிள்ளைகள் இருவருக்கும் நீர்க்கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பார்க்க ஆசை. நான் லெர்மித்தாஜ் கடற்கரையைச் சொன்னேன். அங்கே பவளத்திட்டு அலையைத் தடுப்பதால் ஆழம் குறைவு. திட்டின் இடைவெளியில் மட்டும் நீரோட்டம் இழுக்கும். அந்தப் பக்கம் விடக்கூடாது. சுறாக்களுக்குப் பயந்து 2013 முதல் திறந்த கடலில் குளிக்கத் தடையும் உண்டு.

மாலையில் கிராந்த் ஷலூப் போனோம். 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து ஏராளமானோர் கப்பலேறினார்கள். 1860களில் இங்கே கட்டிய லாசரேத்தில்தான் வந்தவர்களை நோய்க்குப் பயந்து அடைத்துவைத்தார்கள். பிள்ளைகளும் இருந்தார்கள் என்றேன்.

“அவங்களும் மீன் பாத்தாங்களா தாத்தா?” என்றான் சின்னவன். எனக்குப் பதில் வரவில்லை.