வெள்ளாறும் கொள்ளிடமும்: ஓதநீர் மீண்ட வரலாறு

பெரம்பலூரும் அரியலூரும் கடற்கரை இல்லாத மாவட்டங்கள். ஆயினும் கடலின் வரலாற்றிலிருந்து அவற்றைப் பிரித்துவிட இயலாது. காரையிலும் அரியலூரிலும் கிடைக்கும் கிரெட்டேசியக் காலப் புதைபடிவங்கள், இந்நிலம் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்ததற்குச் சான்று. இன்று இந்நிலப்பரப்பின் வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் ஓடிக் கடலை அடைகின்றன. அவ்விரு கழிமுகங்களுக்கும் இடையே அமைந்ததே பிச்சாவரம் அலையாத்திக் காடு.

வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள பரங்கிப்பேட்டை, முஸ்லிம் வணிகரும் மாலுமிகளும் வாழ்ந்த துறைமுகம். 'மஹ்மூது பந்தர்' என்பது அதன் பழம்பெயர்களுள் ஒன்று. ஆற்றுநீரும் ஓதநீரும் கலக்கும் இடங்களே இத்தகைய பட்டினங்களுக்கும் மீனவர் குப்பங்களுக்கும் வாழ்வளித்தன.

அந்த ஓட்டம் தடைப்பட்டது எவ்வாறு? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1970கள் வரை, இக்காடு பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டப்பட்டது. நிழலிழந்த சேற்றுநிலம் வெயிலில் காய்ந்து, தாழ்ந்து, தட்டுப்போல் குழிந்தது. ஏற்றத்தில் புகுந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியானது, மண்ணில் உப்பு மிகுந்தது, கன்றுகள் முளைக்கவில்லை. விறகு பொறுக்கியோரும் மாடு மேய்த்தோருமே காட்டை அழித்தனர் எனும் பழி நெடுங்காலம் நிலவியது. ஆயின் அழிவின் வேர் நிர்வாக முறையிலேயே இருந்ததை ஆய்வு உணர்த்திற்று.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் இணைந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினர். இயற்கைக் கழியோடு இணைந்த பெருவாய்க்காலிலிருந்து கிளைகள் சாய்வாகப் பிரிந்தன. ஓதநீர் நாள்தோறும் வந்து மீண்டது, உப்பு குறைந்தது, வெண்கண்டல் கன்றுகள் வேரூன்றின. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையின்போது, காட்டின் பின்னிருந்த ஊர்கள் அதன் பயனைக் கண்டன.

எனினும் இது பாதி வரலாறே. கொள்ளிடத்தில் அரியலூர் எல்லையை ஒட்டி 1836இல் எழுந்த கீழணையும், காவிரியில் 1934இல் எழுந்த மேட்டூர் அணையும் நம் வயல்களை வாழவைத்தன. அவற்றைப் பழிப்பது நன்றியன்று. ஆனால் கழிமுகத்திற்குச் செல்லும் நன்னீர் குறைந்ததையும் நாம் மறுக்கவியலாது. கடற்பக்க வாய்க்கால்களை ஆண்டுதோறும் தூர்வாரினால் ஓதம் வரும். ஆற்றின் பங்கோ, மேட்டுநிலத்தில் வாழும் நம் கையில் இருக்கிறது. கடைமடைக்கு அப்பாலும் உரிமையுடையோர் உளர் என்பதை நீர்ப்பங்கீட்டில் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.