பழைய ரிக்கார்டு பிளேட்டு என்ன விலை போகும்?

மாசத்துக்கு ரெண்டு பேராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். "அண்ணாச்சி, தாத்தா காலத்து ரிக்கார்டு ஒரு பெட்டி கிடக்கு. என்ன விலை போகும்?" கேட்பவர்களில் சிலர் லட்சங்களில் கனவு காண்கிறார்கள். மற்றவர்கள் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடலாமா என்று யோசிக்கிறார்கள். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பதில் எழுதிவைத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

எங்க ஊர் தூத்துக்குடிக்கு இந்த மாதிரி விலைக் கணக்கு புதுசு இல்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைத் திறக்காமலேதான் ஏலம் விடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று கேள்வி கேட்டு எடுப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால் குளிப்புக்கு முன்பே கொஞ்சம் சிப்பியை அள்ளித் திறந்து, கிடைத்த முத்தை மதிப்புப் போட்டுப் பார்ப்பார்கள். முத்து கைக்கு வந்த பிறகு வேறு கணக்கு. பத்து பித்தளைச் சல்லடைகளில் சலித்து அளவு பிரிப்பார்கள். உருண்டை, நிறம், பளபளப்பு பார்ப்பார்கள். நல்ல முத்துக்கு எடையின் வர்க்கத்தை வைத்துச் 'செவ்வு' கணக்கிடுவார்கள். அதாவது எடை ரெண்டு மடங்கானால் மதிப்பு நாலு மடங்கு. 1961-ல் நடந்ததுதான் இங்கே கடைசிக் குளிப்பு. "கடலுக்கு அடியில் பல வருஷம் கிடந்தது" என்பதற்காக யாரும் ஒரு முத்துக்குக் கூடுதல் காசு கொடுத்ததில்லை.

ரிக்கார்டும் அப்படித்தான். வயசு மட்டும் விலை ஆகாது.

முதலில் பெட்டியில் இருப்பது என்ன வகை என்று பாருங்கள். கனமாக, வளையாமல், கீழே விழுந்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறதென்றால் அது அரக்குத் தட்டு, நிமிஷத்துக்கு 78 சுற்று. பலாசம், பூவம் போன்ற மரங்களில் ஒட்டி வாழும் பூச்சி தருகிற அரக்கோடு கல்மாவு கலந்து செய்தது. லேசாக வளைந்து கொடுத்தால் வினைல். அதில் 7 அங்குலத் தட்டு பெரும்பாலும் 45 சுற்று, 12 அங்குல எல்பி 33⅓ சுற்று.

அடுத்தது எண்ணிக்கை. தியாகராஜ பாகவதர் தட்டு கிடைத்தால் புதையல் என்று பலர் நினைக்கிறார்கள். 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்ட படம். அந்தப் பாட்டுத் தட்டுகள் வீடு வீடாகப் போயின, இன்றைக்கும் நிறையவே மிஞ்சியிருக்கின்றன. ஆனால் 1980-களின் இளையராஜா எல்பி பல, அதைவிட நல்ல விலைக்குப் போகிறது. அப்போது கேசட் வந்துவிட்டதால் தட்டு அடித்தது குறைவு, கேட்டு வளர்ந்தவர்களோ இன்று கையில் காசோடு இருக்கிறார்கள். நாற்பது வயசுத் தட்டு எண்பது வயசுத் தட்டை முந்துவது இப்படித்தான்.

மூன்றாவது நிலைமை. நம்ம பக்கம் கோயில் கொடைக்கும் சடங்கு வீட்டுக்கும் ரேடியோ செட்காரர்கள் இதே தட்டுகளைத்தான் விடிய விடிய ஓட்டினார்கள். அந்தக் கால எஃகு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் தேய்ந்த ஊசி பள்ளத்தை அரைத்துவிடும். எல்லாரும் விரும்பிக் கேட்ட தட்டு, சுத்தமாகக் கிடைப்பது அதனால்தான் அபூர்வம். கருப்பாக இருக்க வேண்டிய பள்ளம் சாம்பல் பூத்திருந்தால் விலை பாதிக்கும் கீழே. கீறலை மன்னிப்பார்கள், விரிசலை மன்னிக்க மாட்டார்கள்.

நான்காவது, தட்டை வாசிப்பது. பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் வழவழப்பான ஒரு வளையம் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சில எண்கள் தெரியும். அதுதான் அந்தப் பதிவின் அடையாள எண். லேபிள் எண்ணோடு அதையும் சேர்த்தால் எப்போது, எந்தப் பதிவு என்று பெரும்பாலும் பிடித்துவிடலாம். ஒரு பக்கம் மட்டும் பாட்டு இருந்தால் மிகப் பழசு. 1925 வாக்கில் மின்சாரப் பதிவு வருமுன், பாடுபவர் ஒரு கூம்புக்குள் கத்தித்தான் பாட வேண்டும். அந்தத் தட்டுகளின் ஓசையே வேறு.

இத்தனையும் தெரிந்துகொண்டு டிஸ்காக்ஸ், ஈபே போன்ற இடங்களில் தேடலாம். ஆனால் ஒருத்தர் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் ஐம்பதாயிரம் என்று எழுதிவைக்கலாம்.

பெரிய விலைகள் உண்மையில் உண்டு. 2013-ல் டாமி ஜான்சன் என்கிற அமெரிக்க ப்ளூஸ் பாடகரின் அரக்குத் தட்டு ஒன்று 37,100 டாலருக்குப் போனது. இந்தியாவிலும் ஒரு விசேஷம் இருக்கிறது. மேல்நாடுகள் அரக்கை விட்டு வினைலுக்குப் போன பிறகும், கல்கத்தா டம்டம் ஆலையில் 78 அடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் பீட்டில்ஸ் பாட்டுகள் இங்கே அரக்குத் தட்டில் வந்தன. உலகம் முழுக்க அதற்கு ஆள் அலைகிறது, ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும்.

என்னை உறுத்துவது இதற்கு அடுத்த விஷயம். தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். அவர் எழுதிய வள்ளி திருமணம் போன்ற நாடகங்களில் பாடித்தான் செங்கோட்டை கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஊர் ஊராகக் கூட்டத்தைக் கட்டிப்போட்டார்கள். சுந்தராம்பாள் பிறகு 1935-ல் 'பக்த நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார், சினிமாவில் அவர் குரல் நிலைத்துவிட்டது. கிட்டப்பா 1933 டிசம்பரில், 27 வயசில் போய்விட்டார். முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' வந்து ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. அந்தக் குரலுக்குச் சாட்சி கிராமபோன் தட்டு மட்டுமே, பக்கத்துக்கு மூன்று மூன்றரை நிமிஷம்.

ஆனால் ஒரு கிட்டப்பா தட்டு, பீட்டில்ஸ் 78 தொடுகிற விலையைக் கிட்டேகூட நெருங்காது. விலை என்பது இன்றைக்கு எத்தனை பேர் போட்டி போடுகிறார்கள் என்பதைத்தான் சொல்கிறது. தட்டு போனால் கூடவே என்ன போகும் என்று அது சொல்லாது. "இதுக்கு ஐநூறுகூட வராது" என்று கேட்டதும் வீட்டில் ஒதுக்கிப் போடுகிற தட்டுதான் எனக்குப் பயம். சின்ன கம்பெனி லேபிளில் வந்த நாடகப் பாட்டு, நாதஸ்வரம், யாரும் பெயர் கேட்டிராத ஒரு பாடகி – இதெல்லாம் அந்த ஐநூறு ரூபாய்க் கூட்டத்தில்தான் இருக்கும்.

அதனால் விற்பதற்கு முன் நாலு வேலை செய்யுங்கள். லேபிளை ரெண்டு பக்கமும் படம் எடுங்கள். வளையத்து எண்களைக் குறித்துவையுங்கள். அரக்குத் தட்டை ஸ்பிரிட், சானிடைசர் போட்டுத் துடைக்காதீர்கள், ஆல்கஹாலில் அரக்கு கரைந்துவிடும். படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்திவையுங்கள். பிறகு, 78-க்கான ஊசி வைத்திருக்கும் யாரிடமாவது கொடுத்து ஒலியை மட்டும் கணினியில் ஏற்றிக்கொள்ளுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இசைத்தட்டுகளையும் சேர்த்துப் பாதுகாக்கிறது, அங்கே விசாரிக்கலாம். மும்பையில் இந்திய ரிக்கார்டு சேகரிப்பாளர் சங்கம் இருக்கிறது.

தட்டை விற்றுக் காசாக்குவதில் தப்பே இல்லை. பாட்டை எடுத்துவைத்துக்கொண்டு விற்றால் போதும்.