சிவப்பு போன் என்று ஒன்று இருந்ததே இல்லை

ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க அதிபர் மேசைமேல் சிவப்பாக ஒரு போன் இருக்கும். எடுத்தால் மறுமுனையில் மாஸ்கோ. ஹாட்லைன் என்றதும் நமக்கெல்லாம் அதுதான் ஞாபகம் வரும். நிஜத்தில் அது போனே இல்லை, டெலிபிரிண்டர்! அதுவும் வெள்ளை மாளிகையில் இல்லை, பென்டகனில்.

1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்து, அணுகுண்டுப் போர் வந்துவிடுமோ என்று உலகமே நடுங்கிக்கொண்டிருந்தது. 26ஆம் தேதி குருஷேவ் கென்னடிக்கு நீளமாக ஒரு கடிதம் அனுப்பினார். மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகம் வழியாக அது வாஷிங்டன் போய் முழுதாகக் கைக்கு வர ஏறக்குறைய 12 மணி நேரம். அதற்குப் பதில் எழுதி அனுப்புவதற்குள், மறுநாள் இன்னும் கடுமையான இரண்டாவது கடிதம் மாஸ்கோ வானொலியிலேயே வந்துவிட்டது. எதை நம்புவது?

சோவியத் தூதர் தோப்ரினின் நிலைமை இன்னும் பரிதாபம். அவசரத் தந்தியை வாங்கிப்போக வெஸ்டர்ன் யூனியன் பையன் சைக்கிளில் வருவானாம். வழியில் எங்கேயும் நின்று அரட்டை அடிக்காமல் போகணுமே என்று வேண்டிக்கொள்வார்களாம். தோப்ரினினே பின்னால் எழுதியிருக்கிறார். உலகத்தின் தலையெழுத்து ஒரு சைக்கிளில்!

பயம் தெளிந்ததும் 1963 ஜூன் 20 அன்று ஜெனீவாவில் ஒப்பந்தம் போட்டார்கள். ஆகஸ்ட் 30 முதல் இணைப்பு வேலை செய்தது. லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சின்கி வழியாக கேபிள். தான்ஜியர் வழியாக மாற்று வானொலித் தடம். ஒருமுறை பின்லாந்தில் ஒரு விவசாயி உழும்போது கேபிளையே அறுத்துவிட்டார் என்பது தனிக்கதை.

பேச்சு வேண்டாம், எழுத்துதான் என்று முடிவு செய்ததற்குக் காரணம் இருக்கிறது. போனில் கோபம் தெறிக்கும், மொழிபெயர்ப்பாளர் அவசரத்தில் தப்பாகச் சொல்லிவிடலாம். எழுத்தென்றால் யோசித்துப் பதில் தரலாம். அவரவர் தங்கள் மொழியிலேயே அனுப்புவார்கள், வாங்குபவர் மொழிபெயர்த்துக்கொள்வார். (எதுவாக இருந்தாலும் எழுத்தில் வாங்கு என்று எங்கள் காமர்ஸ் வகுப்பில் சொல்வதும் இதைத்தான்!)

உண்மையான சோதனை 1967 ஜூன் மாத அரபு-இஸ்ரேல் போரில் வந்தது. 5ஆம் தேதி கோசிகின்தான் முதலில் செய்தி அனுப்பினார். 8ஆம் தேதி லிபர்ட்டி என்ற அமெரிக்கக் கப்பலை இஸ்ரேல் தாக்கியதில் 34 பேர் இறந்தார்கள். உதவிக்கு அமெரிக்க விமானங்கள் கிளம்பின. அந்தக் கடலில் சோவியத் கப்பல்களும் நின்றன. திடீரென்று விமானங்கள் பறந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? ஜான்சன் உடனே, விமானங்கள் எங்கள் கப்பலைப் பார்க்கத்தான் போகின்றன என்று ஹாட்லைனில் தெரிவித்தார். கோசிகின் அந்தத் தகவலை எகிப்துக்கும் சொல்லிவிட்டார்.

நம் பக்கத்தில் இருப்பது நிஜமாகவே போன்தான். 1971 போருக்குப் பிறகு இந்திய, பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களுக்கு இடையே போடப்பட்டது. 2025 மே 10 மதியம் 3.35க்கு பாகிஸ்தான் அதிகாரி கூப்பிட்டார். மாலை 5 மணி முதல் தாக்குதலை நிறுத்துவது என்று பேசி முடித்தார்கள். அன்று இரவே அதை மீறிவிட்டார்கள் என்று இந்தியா சொன்னது. 12ஆம் தேதி இரண்டு பேரும் மறுபடி பேசினார்கள்.