பத்தாம் வகுப்புக்குக் கீழே: பள்ளித் தீத்தடுப்புப் பயிற்சியில் ஒரு விடுபாடு

கும்பகோணம் காசிராமன் தெருவில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகள் தீயில் மாண்ட பிறகே தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குள் தீத்தடுப்புக் கல்வி நுழைந்தது என்றும், அதற்குச் சட்ட உருவம் தந்தது அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரல் 13இல் அளித்த தீர்ப்பு என்றும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. இதன் முற்பாதி பாதி உண்மை. பிற்பாதியை ஏற்க முடியவில்லை. அந்தத் தீர்ப்பு கருவிகளுக்குச் சட்ட உருவம் தந்தது. பயிற்சி அதில் ஓரத்தில் நிற்கிறது. இறந்துபோன பிள்ளைகளின் வயதினருக்கான பயிற்சி பெயரளவில்கூட இல்லை.

தீர்ப்பின் பெருமையைக் குறைப்பது நோக்கமன்று. அரசமைப்பின் 21, 21ஏ பிரிவுகளைச் சேர்த்து வாசித்து, கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளிக்கான உரிமையும் அடங்கும் என்று நீதிபதி தல்வீர் பண்டாரி எழுதியதற்கு இணையான தீர்ப்பைப் பள்ளிப் பாதுகாப்பில் காண்பது அரிது. ஆனால் நீதிமன்றமும் வரலாற்றை வாசிக்கிறது. அந்த வாசிப்பையும் பிறர் வாசிப்பைப் போலவே சோதிக்க வேண்டும். கும்பகோணத்தை அது விதி மீறப்பட்ட கட்டடமாக, ஆய்வு செய்யாத அதிகாரிகளின் தவறாக, இல்லாமற்போன கருவிகளின் விளைவாக வாசித்தது. மூன்றும் சரி. கூரை வேய்ந்த சத்துணவுச் சமையற்கூடத்திலிருந்து எழுந்த தீ மேல்தளத்துக் கீற்றுக் கொட்டகைக்குத் தாவியது. இறங்கக் கிடைத்த வழி குறுகல். ஒரே வளாகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் நடந்தன. ஆனால் தீ தெரிந்த கணத்திலிருந்து கூரை சரிந்த கணம் வரை வகுப்பறைக்குள் யார் என்ன செய்திருக்க வேண்டும், அதை அவர்களுக்கு யார் முன்பே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்ற கேள்வியைத் தீர்ப்பு தன் மையத்தில் வைக்கவில்லை.

ஆணைப் பகுதியைப் பாருங்கள். பள்ளிக்கு அங்கீகாரம் தருமுன் கட்டடம் தேசியக் கட்டட விதித்தொகுப்புப்படி இருக்கிறதா என்று மாநில அரசு உறுதிசெய்ய வேண்டும். ஏற்கெனவே நடக்கும் அரசு, தனியார் பள்ளிகள் ஆறு மாதத்துக்குள் தீயணைப்புக் கருவிகளைப் பொருத்த வேண்டும். எரியக்கூடிய பொருள்களோ நச்சுப் பொருள்களோ பள்ளிக் கட்டடத்தில் இருக்கக் கூடாது; தவிர்க்க முடியாவிட்டால் பாதுகாப்பாக வைக்க வேண்டும். கட்டட உறுதியை அவ்வப்போது மதிப்பிட வேண்டும். கடைசியாகத்தான் பயிற்சி, அதுவும் பள்ளி ஊழியர்களுக்கும் அலுவலர்களுக்கும், அந்தக் கருவிகளைக் கையாள மட்டும். மாணவர் என்ற சொல் அந்த ஆணையில் இல்லை. இதைவிட முக்கியமானது காலக்கெடு. மாநிலக் கல்விச் செயலர்கள் கருவிகள் பொருத்தி முடித்த ஒரு மாதத்துக்குள் இணக்கப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். ஆக, நீதிமன்றத்துக்குத் தெரிய வேண்டியது சுவரில் சிவப்பு உருளை மாட்டியாயிற்றா என்பதுதான். பயிற்சி நடந்ததா என்று தனியாகக் கணக்குக் கேட்க அதில் இடமில்லை.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதுதான் இந்தக் கட்டுரையின் கரு. ஆணைகளுக்கு முன்பே, தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2005, கல்வி நிறுவனத் தீப்பாதுகாப்புக்கான ஐஎஸ் 14435:1997 ஆகியவற்றோடு ஒவ்வொரு பள்ளியும் கடைப்பிடிக்க வேண்டிய குறைந்தபட்சத் தரங்களின் நீண்ட பட்டியல் ஒன்றைத் தீர்ப்பு தருகிறது. அங்கே மாணவர் வருகிறார்கள். ஆசிரியர் அனைவருக்கும், பத்து முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கும் தீயணைப்புப் பயிற்சி தரப்பட வேண்டும் என்கிறது பட்டியல். தலைமை ஆசிரியர், இரண்டு ஆசிரியர் அல்லது ஊழியர், தீயணைப்பு மீட்புத் துறையின் ஒருவர் என நால்வர் கொண்ட குழு வேண்டும். துறையைச் சேர்ந்தவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு செய்ய வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் எச்சரிக்கை மணி. கிராமப்புறப் பள்ளிகளுக்குத் தனியே நீண்ட மணி ஏற்பாடு. ஒத்திகை தவறாமல் நடக்க வேண்டும்.

ஒரே தீர்ப்புக்குள் இரண்டு குரல்கள். பட்டியல் மாணவரைப் பெயர் சொல்லி அழைக்கிறது. ஆணை ஊழியரோடு நின்றுவிடுகிறது. முதற்குரல் எங்கிருந்து வந்தது? பட்டியலின் மூலவரைவு தமிழ்நாட்டு அலுவலக மேசை ஒன்றில் எழுதப்பட்டது என்பது என் கருத்து. 'தீயணைப்பு மீட்பு' என்னும் துறைப்பெயர் தில்லியில் எழுதுபவர் வாயில் இயல்பாக வருவதன்று; அங்கே அது தீயணைப்புப் பணி. கேரளத்திலும் இதே பெயர் உண்டு என்று மறுக்கலாம். ஆனால் கும்பகோணத்தைக் காரணமாகக் காட்டும் ஒரு பட்டியலில் கேரளத்துத் துறையின் பெயர் வரக் காரணம் தேட வேண்டியிருக்கும். தமிழ்நாட்டுப் பெயர் வரக் காரணம் தேட வேண்டியதில்லை. கிராமப் பள்ளிக்கு நீண்ட மணி என்ற குறிப்பும் அப்படியே. மின்சாரம் போனாலும் தண்டவாளத் துண்டை அடித்து மணி ஒலிக்கும் பள்ளியைக் கண்ணால் கண்டவர் எழுதியது அது. இதை உறுதியான சான்று என்று சொல்லமாட்டேன். வரைவின் காலமும் 2004 ஜூலைக்கும் 2009 ஏப்ரலுக்கும் இடையில் என்பதற்கு மேல் தீர்ப்பின் உரையைக் கொண்டு குறுக்க முடியாது. எனினும் வேறு விளக்கம் இதைவிடப் பலவீனமானது.

வரைவு யாருடையதானாலும் பத்தாம் வகுப்பு என்ற எல்லை ஏன்? காசிராமன் தெருவில் இறந்தவர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். அந்தப் பள்ளியில் இந்தப் பட்டியல் முழுமையாக நடைமுறையில் இருந்திருந்தாலும் அவர்களில் ஒருவர்கூடப் பயிற்சிக்கு உரியவராக இருந்திருக்க மாட்டார். காரணம் கருவியில் இருக்கிறது. ஒன்பது லிட்டர் நீருருளையை இரண்டாம் வகுப்புப் பிள்ளை தூக்க முடியாது. ஊசியை இழுத்து, நெருப்பின் அடியைக் குறிபார்த்து, பிடியை அழுத்த முடியாது. பயிற்சி என்றால் தீயை அணைப்பது என்று முடிவுசெய்த பிறகு, உடல்பலம் உள்ள வயதில் கோடு விழுவது இயல்பே. வெளியேறுவதற்கு அந்தப் பலம் வேண்டாம். எந்தப் படியில் இறங்குவது, புகையில் எப்படிக் குனிந்து செல்வது, பையை எடுக்கத் திரும்பாமல் இருப்பது எப்படி என்பதை ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கற்றுத்தரலாம். அதே பட்டியலின் ஒத்திகை வரிக்கு வகுப்பு எல்லை இல்லையே என்று கேட்கலாம். உண்மை, ஆனால் ஆய்வுக்கு மூன்று மாதம் என்று கணக்குச் சொல்லும் பட்டியல் ஒத்திகைக்கு 'தவறாமல்' என்று மட்டும் சொல்கிறது. எண் இல்லாத விதியைப் பதிவேட்டில் நிரப்ப முடியாது. பதிவேட்டில் இல்லாததை ஆய்வாளர் கேட்பதில்லை.

கருவியை நோக்கிய இந்தச் சாய்வு 2004இல் பிறந்ததன்று. இரண்டாம் உலகப் போரில் சென்னை மக்களுக்கு விமானத் தாக்குதல் தற்காப்புப் பயிற்சி தரப்பட்டபோதும் மையமாக இருந்தவை மணல் வாளியும் கைப்பம்பும். பிறகு திரையரங்க விதிகள் அதே வாளியைச் சுவரில் தொங்கவிட்டன. தாம்பரம் தீயணைப்புப் பயிற்சி மையத்தில் சேரும் வீரர் கற்பதும் அணிவகுப்பு, குழாய் விரித்தல், ஏணி ஏறுதல், பம்பு இயக்கம். தான் கற்றதைத்தானே ஒருவர் கற்பிப்பார்? நிலைய அலுவலர் பள்ளிக்கு வந்தால் மைதானத்தில் எண்ணெய்த் தட்டைப் பற்றவைத்து அணைத்துக் காட்டுகிறார். சிலிண்டரில் எரியும் தீயை ஈரச்சாக்கால் மூடிக் காட்டுகிறார். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அது நல்ல செயல்விளக்கம்தான். பிள்ளைகள் அதில் பார்வையாளர்கள், அவ்வளவே.

நாள்காட்டியும் உதவவில்லை. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் பருத்தியும் வெடிபொருளும் ஏற்றிய ஃபோர்ட் ஸ்டிக்கைன் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தனர். அவர்கள் நினைவாகவே ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். நினைவேந்தலாகப் பிறந்த வாரம் பின்னால் மக்கள் கல்விக்கான வாரமுமாயிற்று. ஆனால் ஏப்ரல் 14 சித்திரை விடுமுறை. அந்த வாரம் தமிழ்நாட்டில் ஆண்டுத் தேர்வுக் காலம். அதனால் செயல்விளக்கங்கள் பேருந்து நிலையம், மருத்துவமனை, ஆலை, அடுக்ககம் என்று போய்விடுகின்றன. 1871 சிகாகோ தீயின் நினைவாக அக்டோபரில் வரும் அமெரிக்கத் தீத்தடுப்பு வாரம், 1925இல் குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் அதைத் தேசிய அளவில் அறிவித்ததிலிருந்து பள்ளி நடக்கும் பருவத்தில் விழுவது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயலின் பயன் பெரிது. நம்மிடம் அந்த இடத்தை நிரப்புவது தீபாவளி. விபத்தில்லா தீபாவளி விழிப்புணர்வுக்கு வரும் வீரர்தான் தொடக்கப் பள்ளிப் பிள்ளையோடு நேரில் பேசுகிறார். பட்டாசை எப்படிக் கொளுத்துவது, சட்டையில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் எப்படிப் புரளுவது என்று பிள்ளையின் உடம்புக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம் அது. தீர்ப்பு விட்டதைத் தீபாவளி ஓரளவு ஈடுகட்டியது என்பதே என் வாசிப்பு.

கும்பகோணத்துக்கு முன் தீத்தடுப்புக் கல்வியே இல்லை என்ற முற்பாதிக் கூற்றும் முழுதாக நிற்காது. 1997 ஜூன் 7இல் தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலைப் பந்தல் எரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள்; 2004 ஜனவரி 23இல் திருவரங்கம் திருமண மண்டபத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர். கும்பகோணத்தையும் சேர்த்து நான்கிலும் கீற்று உண்டு. திருவரங்கத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடையில் ஆறு மாதம்கூட இல்லை. இவை ஒவ்வொன்றுக்கும் பின் மாவட்டத்தில் பேச்சும் ஆய்வும் நடந்தன. திருவரங்கத்துப் பாடம் காவிரிக்கரையோடு கீழே கும்பகோணம் வரை ஏன் எட்டவில்லை என்பதற்கு, மண்டபத்தை வருவாய்த் துறையும் பள்ளியைக் கல்வித் துறையும் தனித்தனியே பார்த்தன என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் படவில்லை. இதை ஊகமாகவே கொள்க.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் வெளியிட்ட பள்ளிப் பாதுகாப்பு வழிகாட்டல் பிள்ளைகளைப் பங்கேற்பாளராக ஏற்றது. பட்டியலின் பத்தாம் வகுப்புக் கோட்டை அது கருத்தளவில் அழித்தது. தீர்ப்பின் உரையில் கோடு அப்படியே இருக்கிறது.

இந்த வரலாற்றை மேலே கொண்டுபோகத் தீர்ப்புகள் போதா. 2004க்கும் 2009க்கும் இடையில் எந்தப் பிள்ளைகளுக்கு என்ன பயிற்சி கிடைத்தது என்பதற்கான விடை இரண்டு இடங்களில் இருக்கக்கூடும்: தீயணைப்பு நிலையங்களின் அன்றாடப் பதிவேடு, பள்ளிகளின் பார்வையாளர் பதிவேடு. எந்த வகுப்புக்கு, எந்தத் தேதியில், யார் வந்து என்ன சொன்னார் என்று ஒரே வரியில் அங்கே இருக்கும். பழைய பதிவேடுகளைக் கழிக்கும்போது அந்த ஐந்தாண்டுப் பக்கங்களை மட்டுமேனும் எடுத்து வைக்குமாறு தலைமை ஆசிரியர்களையும் நிலைய அலுவலர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.